தண்டையல் வீட்டு ரேந்தை

மகன் கனகரத்தினத்தோடு பெண் பார்க்க வந்த சிவக்கொழுந்து, விரித்து வைத்திருந்த, நூலில் பூப்பூவாகப் பின்னிய ரேந்தைச் சால்வையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“பிள்ளை பின்னினதோ?”

“ஓம், ஓம்!” என்றாள் மணப்பெண் கமலாவதியின் தாய்.

பின்னியது தகப்பன். பாய்க்கப்பல் ஓட்டும் தண்டையல் ஆழ்வாப்பிள்ளை, நடுக்கடலில் காற்று விழுந்த நாட்களில் பழகிக்கொண்ட வேலை. வல்வெட்டித்துறையில் தெரியவந்தால் அவருடைய மீசைக்கு மரியாதை இருக்காது.

“எங்கை, எனக்கு முன்னாலை ஒரு வரி பின்னு பாப்பம்,” என்றாள் சிவக்கொழுந்து.

கமலாவதிக்குப் பின்னத் தெரியாது. சிவக்கொழுந்து போர்த்திருந்த சால்வை இதைவிட நுணுக்கம். இந்த மனுஷியை ஏய்க்க முடியுமா? ஊசியைப் பிடித்தாள், பிடித்த கையோடு நூல் நழுவியது.

ஆழ்வாப்பிள்ளை இருமிப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

“விடு பிள்ளை, கண்ணி கழண்டுபோச்சு!”

ஊசியைப் பறித்து மளமளவென்று பின்னியவர், வரி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். சம்பந்தம் போய்விட்டதென்று தாய் தலையில் கைவைத்தாள்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கனகரத்தினம், கதிரையை இழுத்து ஆழ்வாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டான்.

“மாமா, உந்தக் கரையை இன்னும் இறுக்கவேணும். அம்மாவின்ரை சால்வையை நான் அப்பிடித்தான் பின்னினனான்.”