பூனை செய்த தூக்க ஆராய்ச்சி

எலிகளுக்கு ஏன் சரியாகத் தூக்கம் வருவதில்லை என்று ஆராயப் புறப்பட்ட பூனை நான். அதனால் எலிகளுக்கு நல்லது நடக்கும் என்று மனதார நம்பினேன்.

நெறிமுறைக் குழுவின் தலைவர் ஆந்தையார். "இந்த ஆய்வில் உனக்குச் சொந்த ஆதாயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"கிடையாது ஐயா. பால் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்" என்றேன். உடனே அனுமதி கொடுத்துவிட்டார்.

முதலில் அஞ்சலை என்ற எலியின் வளைக்குப் போனேன். தங்கை காணாமல் போனதிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. உள்ளே இருந்தபடியே கேட்டாள்: "உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"ஆந்தையார்."

"அவரும் எங்களைத் தின்கிறவர்தானே?"

நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"நான் பயந்து பேசும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? உண்மையைச் சொல்லுங்கள்."

"எச்சில் ஊறுகிறது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

"இதை அனுமதி வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். முயலை அனுப்புங்கள், பேசுகிறேன்."

போய்விட்டேன். முயலிடம் எலிகள் மனம்விட்டுப் பேசின. அஞ்சலை அன்றே அயர்ந்து தூங்கினாளாம்.

ஆய்வறிக்கை வெளிவந்ததும் என் பெயரை ஆவலோடு தேடினேன். இருந்தது. ஆய்வாளர்கள் வரிசையில் அல்ல, தூக்கமின்மைக்கான காரணங்கள் வரிசையில். அதிலும் ஆந்தையாருக்கு அடுத்து, இரண்டாவதாகத்தான் போட்டிருந்தார்கள்.