வண்டி யாருக்கு

"யாருக்குங்க மேடம் வண்டி?"

கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வீட்டுக்காரருக்கு" என்றாள்.

வாய் முந்திக்கொண்டது. திருத்திச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை அவள் விட்டுவிட்டாள்.

வடவள்ளியிலிருந்து இந்தக் கடையின் வாசல்வரை இரண்டு முறை வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இன்றைக்குத்தான் உள்ளே கால் வைத்தாள்.

"சாருக்கு மலை சைக்கிள் புதுசுங்களா?"

"புதுசுதான்."

"அப்ப இது வேண்டாங்க." பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த ஒன்றை அவர் ஒதுக்கி நிறுத்தினார். "பாக்க எடுப்பா இருக்கும். நடுத்தர வெலைல இது சும்மா கனம். முன்னாடி மட்டும் ஸ்பிரிங் இருந்தாப் போதும். மிச்சக் காசு நல்ல பிரேக்குல இருக்கணும்."

தலையாட்டினாள்.

"சார் என்ன ஒசரம்?"

"அஞ்சடி பத்து."

சொல்லும்போதே சந்தானம் அவள் முன்னால் எழுந்து நின்றார். நெற்றி நிலைப்படியில் இடித்துவிடுமோ என்று சற்றுக் குனிந்து வருகிற அதே ஆள்.

அவர் அப்படி நின்று இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. வேலைக்குக் கிளம்பும்போது விழுந்தவர். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு மட்டும் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது.

"முதுகு வலி ஏதாச்சும் இருக்குங்களா? கொஞ்சம் குனிஞ்சு ஓட்டணும், அதுக்குத்தான் கேக்கறேன்."

காலையில் அந்த முதுகைத் துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இல்ல."

"விடாம ஓட்டுவாருங்களா? சில பேரு ஒரு மாசத்துல மூலைல போட்டுருவாங்க."

"ஓட்டுவார்."

ஒவ்வொரு பதிலாலும் அவரை நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். படியிறக்கி, தெருவுக்குக் கூட்டிவந்து, காற்றில் சட்டை படபடக்க மருதமலை ரோட்டில் விட்டாள்.

அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

கடைக்காரர் உயரமான ஒரு வண்டியை உருட்டிவந்து நிறுத்தினார்.

"சார் குடுத்து வெச்சவருங்க. எங்கூட்டுல சைக்கிள்னு பேச்செடுத்தாலே திட்டுதான்." சீட்டைத் தட்டினார். "ஒருக்கா அவரைக் கூட்டிட்டு வாங்க. ஆள் ஏறி உக்காந்து பாக்காம நான் வண்டி குடுக்கறதில்ல."

அவள் கைப்பிடியைத் தொட்டாள். ரப்பர் புதிதாக மணத்தது.

"அவர் வரமாட்டாருங்க."

கடைக்காரர் காத்திருந்தார்.

"பக்கவாதம். படுக்கையில இருக்கார்." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். "வண்டி எனக்கு."

ஐயோ பாவம் என்பார் என்று நினைத்தாள். வீட்டில் அப்படி ஒருத்தரைப் போட்டுவிட்டு என்று மனதுக்குள் சொல்வார் என்றும் நினைத்தாள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

"அப்ப சின்ன ஃப்ரேமுங்க" என்றார்.

உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார்.

கடைக்குப் பக்கவாட்டுச் சந்தில் ஓட்டிப் பார்த்தாள். முதல் பத்தடி வண்டி அவளை இழுத்துப்போனது. கியர் மாற்றினாள். டக்கென்று ஒரு சத்தம், உடனே கால் லேசானது.

யாரையும் தூக்கவில்லை. யாரையும் புரட்டவில்லை. தன் உடம்பை மட்டும் சுமந்துகொண்டு போனாள்.

சந்து முடிகிற இடத்தில் திரும்பியிருக்கவேண்டும்.

திரும்பவில்லை. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. மருந்துக்கடைக்குப் போய்வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தது ஒரு வேகத்தடையின்மேல் ஏறி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூச்சு வாங்க வந்து நிறுத்தினாள்.

"பிடிச்சிருக்குங்களா?"

"ரொம்ப" என்றாள், தப்பை ஒப்புக்கொள்கிறவளைப்போல.

"சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுடறோங்க."

கட்டில் முன்னறையில்தான் கிடக்கிறது. கேட்டுக்கு நேரெதிரே. உள்ளே எது வந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

அலுவலக முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணி. சந்தானத்தைப் பார்த்துக்கொள்ள வருகிற ஜேக்கப் வந்து, சமையற்கட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் தலையணையைச் சரிசெய்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல ஆடிட். பஸ்ல போயிட்டு பத்து மணிக்குள்ள வந்துடறேன்."



அவர் பார்வை அவளுடைய காலில் நின்றது. சங்கிலியில் மாட்டாமலிருக்க, சுடிதார் பேண்டை வலது கணுக்காலில் மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். வீட்டிலேயே போட்டுவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குனிந்து கழற்றவும் முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

"மேகலா."

நாலு வார்த்தை சேர்ப்பதற்கு அவருக்கு அரை நிமிடம் வேண்டும். அவள் நின்றாள்.

"எறக்கத்துல..."

உதடு கோணி, இன்னொரு முறை முயன்றது.

"முன் பிரேக்க மட்டும்... புடிக்காத."