'நீக்கு' பொத்தானின் மேல் ஒரு விரல்

ஹோபார்ட் துறைமுகத்தின் மாலையொளி சன்னல் வழியே சரிந்து, ப்ரொன்வினின் கைவிரலில் பொன் பூசி நிற்கிறது. அவ்விரல் 'நீக்கு' என்னும் பொத்தானின் மேல் அசையாது காத்திருக்கிறது. மரப்படகு கட்டுவோர் கூடும் அவளது இணைய மன்றம், கடுஞ்சொல் யாவற்றையும் அவள் களைந்தெறிந்த நாள்தொட்டுப் பேச்சற்று வறண்டு கிடக்கிறது. இன்றுதான் கிழவர் மெர்வ், புதிதாய்ச் சேர்ந்த டானிகா கட்டிய படகின் படத்தைக் கண்டு வாய் திறந்திருக்கிறார்: "இது படகாம்மா? ஆடு தண்ணி குடிக்கிற தொட்டி மாதிரில்ல இருக்கு!"

"தூக்கிடு ப்ரொன். அந்தப் பொண்ணு ஓடிப்போயிடும்," என்கிறான் தேநீரோடு அருகில் நிற்கும் கணவன் கெல்வின்.

"தூக்கினா மெர்வ் போயிடுவாரு. அப்புறம் மன்றத்துல நீயும் நானுந்தான் பேசிக்கணும். கொஞ்சம் சும்மா இரு."

திரையின் அடியில் 'டானிகா எழுதுகிறார்' என்ற வரி தோன்றுகிறது, மறைகிறது, மீண்டும் தோன்றுகிறது. வெளியே பாய்மரக் கயிறுகள் கம்பங்களில் மோதி ஒலிக்கின்றன. கெல்வின் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுசெல்ல மறந்து நிற்கிறான். பதில் வந்து விழுகிறது.

"தொட்டியேதான் தாத்தா. ஞாயித்துக்கிழமை தண்ணில இறக்குறேன். முழுகலேன்னா நீங்கதான் பியர் வாங்கித் தரணும்."

ப்ரொன்வின் விரலை எடுக்கிறாள். மெர்வ் எழுதுகிறார், அவரோடு, மாதக்கணக்காய் வாய்மூடிக் கிடந்த வேறு நால்வரும் எழுதுகிறார்கள்.