ரோஸ்லினுக்கு மீசை

கண் பரிசோதனையில் எழுத்துகளுக்குப் பதிலாக வீட்டாரின் முகங்களைக் காட்டத் தொடங்கி நாலு வருடமாகிறது. பார்வையோடு ஞாபகமும் அதிலேயே தெரிந்துவிடும். முகத்தைத் தவறாகச் சொல்லும் முதியவர்களுக்குக் காப்பகம்தான்.

இன்னாசி சும்மா இருப்பாரா? போன வருடம் காட்டிய வரிசையை ஒரு வாரமாக மனைவி மரியசெல்வத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். முதலில் அம்மா, அடுத்து தம்பி சூசை, பிறகு புருஷன், கடைசியில் மகள் ரோஸ்லின்.

"தாடைய இதுல வையுங்கம்மா," என்றாள் பரிசோதிக்கும் பெண்.

அம்மாவும் சூசையும் சரியாக வந்தார்கள். மூன்றாவதாகத் திரையில் ரோஸ்லின் சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் மரியசெல்வம்.

இந்த வருடம் வரிசையை மாற்றியிருந்தார்கள். அடுத்து, வெள்ளை மீசையோடு இன்னாசியின் முகமே திரையில் வந்தது.

"எம் மவ ரோஸ்லின்," என்றாள் கொஞ்சமும் தயங்காமல்.

அந்தப் பெண் இரண்டையும் குறித்துக்கொண்டாள். மரியசெல்வத்தின் கண்களில் சொட்டு மருந்து விட்டாள். "கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி," என்று காப்பகத்தில் சேர்ப்பதற்கான தாளை அவரிடம் நீட்டினாள்.

வெளியே வந்ததும் மரியசெல்வம் பெருமையாகக் கேட்டாள்: "ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லிட்டம்லா?"

"சொல்லிட்ட," என்றார் இன்னாசி, தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தபடி.

"அப்ப வாங்க, வீட்டுக்குப் போவோம்."