மல்லாந்து பார்க்கும் படம்

“ஏம்மா, உன்னைச் சுவத்துல வரையச் சொன்னா, கூரையில போய் வரைஞ்சு வச்சிருக்கியே?”

நீச்சல்குளக் கட்டடத்துக்குள் யார் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்கும். குளத்துக் கமிட்டித் தலைவியின் கேள்வியும் தண்ணீரைத் தொட்டுவிட்டு ஒருமுறை திரும்பி வந்தது.

ஒரு மாதமாகக் குளத்தை மூடி, சாரம் கட்டி, துணியால் மறைத்து வேலை நடந்தது. நேற்றுத்தான் சாரத்தைப் பிரித்துத் தண்ணீர் நிரப்பினார்கள். பார்த்தால், படம் வரையச் சொன்ன, வாசலுக்கு நேரெதிரே உள்ள நீளச் சுவர் துடைத்துவிட்ட பலகை மாதிரி அப்படியே இருக்கிறது. கூரை முழுக்க மரங்கள்.

கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் மரம் எப்படித் தெரியுமோ, அப்படி. நாலு பக்கமிருந்தும் கிளைகள் வந்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. நடுவில் கொஞ்சம் வானம். தண்ணீரின் வெளிச்சம் மேலே போய் விழுந்து, வரைந்த இலைகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

கமிட்டிச் செயலாளர் அண்ணாந்தவர் அண்ணாந்தபடியே நின்றார்.

“வாயை மூடுங்க சார், ஏதாவது உள்ள போயிடும்.”

“நல்லாத்தானே மேடம் இருக்கு? பார்க்கப் பார்க்கத் தூக்கம் வருது.”

“தூங்குறதுக்கா இங்க ஆளுங்க வர்றாங்க? ஞாயித்துக்கிழமை குளத்தைத் திறக்கிறோம். நாளைக்குக் காலையில ஆள் வந்து கூரைக்கு வெள்ளை அடிக்கட்டும்.”

ஓவியக்காரப் பெண் பிடரியைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு மாதம் சாரத்தில் மல்லாந்து கிடந்து வரைந்ததில் அவள் கழுத்து இன்னும் சரியாகத் திரும்பவில்லை. அது அத்தனையும் நாளைக்கு ஒரு வாளி வெள்ளையில் போய்விடும்.

நீச்சல் மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. “நின்னு பார்த்தா கழுத்து வலிதான் மேடம் மிச்சம். ஒரு தடவை தண்ணியில படுத்துப் பாருங்க. நான் தாங்கிப் பிடிச்சுக்கிறேன்.”

“நானா?”

ஆறு வருடமாகத் தலைவி. ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் கட்டைவிரலைக்கூட வைத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

“நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க” என்றார் தலைவி.

அவர்கள் போனதும் கட்டடம் அமைதியானது. தண்ணீர் மட்டும் ஓரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. தலைவியின் குரலும் இறங்கியது.

“உண்மையைச் சொல்லு. எங்க வீட்டுக்காரர்தானே கூரையில வரையச் சொன்னார்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. வாதம் வந்து ரெண்டு வருஷமா செவ்வாயும் வெள்ளியும் இங்கதான் தண்ணிப் பயிற்சிக்கு வர்றார். மல்லாக்கப் போட்டு ரெண்டு பேர் பிடிச்சுக்கிறாங்க. மேல பார்க்கிறதைத் தவிர அவருக்கு வேற வேலை இல்ல. நீ அவர்கிட்ட பேசினது எல்லாம் காதுக்கு வந்துச்சு.”

“எல்லார்கிட்டயும் பேசினேம்மா. எதை வரைய, எங்க வரையன்னு கேட்டேன்.”

“இதப் பாரு. படம் நல்லா இல்லன்னு நான் சொல்லல. ஆனா தலைவி தன் புருஷன் பார்க்கணும்னு ஊர்க் குளத்துக் கூரையையே மாத்திட்டாள்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. ஆறு வருஷத்துல ஒரு துண்டுகூட இங்கிருந்து என் வீட்டுக்குப் போனதில்ல. அதுக்குத்தான் வெள்ளை.”

ஓவியக்காரி சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வருந்துகிறவள் போலப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

“அந்தப் பயிற்சி வகுப்புல பன்னிரண்டு பேர்மா. பதினோரு பேர் கூரைன்னாங்க. ஒரு அக்கா கூரையில நூத்தி அறுபத்தெட்டு ஆணி இருக்குன்னு எண்ணி முடிச்சிட்டாங்களாம். இப்ப ரெண்டாவது தடவை எண்ணுறாங்களாம். ஒரு பெரியவர், காதுல தண்ணி புகுந்ததும் சத்தமெல்லாம் நின்னுடும், அப்ப மேல மரம் இருந்தா காட்டுல படுத்த மாதிரி இருக்கும்னார். இன்னொருத்தருக்குப் பேச வராது. விரலை மேல காட்டிட்டு, காத்துல இலை மாதிரி ஆட்டினார்.”

தலைவி நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்கு ஒருவர். பிறகு மேலே பார்த்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தார். இலைகள் ஆடின. எந்தக் காற்றும் இல்லாமல் அவருக்கு முகத்தில் காற்றுப் பட்டது போல இருந்தது.

போனை எடுத்து வெள்ளையடிக்கிறவரைக் கூப்பிட்டார். “நாளைக்கு வர வேண்டாம்ப்பா. வேலை இல்ல.”

போனை வைத்ததும் முகம் லேசாகிவிட்டது.

“பதினோரு பேர் கேட்டதுன்னா யார் என்ன பேச முடியும்? ஆனாலும் எங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர். கூட்டத்தோட கூட்டமாக் கேட்டு, வேண்டியதை வாங்கிட்டார் பாரு.”

“அந்தப் பதினோரு பேர்ல அவர் இல்லம்மா.”

“பின்ன?”

“அவர் ஒருத்தர்தான் கூரை வேண்டாம், சுவத்துலயே வரைன்னார். சொல்லி முடிக்கவே அரைமணி நேரமாச்சு. ‘என்னைக் கொண்டுவந்து விட்டுட்டு என் சம்சாரம் வாசலோட திரும்பிடுவா. தண்ணியில என்னைப் பார்க்க அவளுக்குத் தாங்காது. அங்கிருந்து அவ கண்ணுக்கு ஏதாவது நல்லதாத் தெரியட்டும்’னார்.”