மூன்று சுருள் குறைந்த வேலி

"மூணு சுருள் முள்கம்பி எங்கப்பா போச்சு?"

தலைமை ஆபீசிலிருந்து வந்தவர் கேட்டதும் வேலி போடும் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவு. வரைபடத்தை வைத்து அளந்து அனுப்பிய கம்பி. ஆனாலும் வடக்கு மூலையில் கம்பங்கள் மொட்டையாக நின்றன.

"கொட்டகைச் சாவி இவன்கிட்டதாங்க இருக்கு" என்று சூப்பர்வைசர் சங்கிலியைக் கைகாட்டினார். சர்வேயருக்கு ஆறு வருடம் சங்கிலி இழுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

"பதில் சொல்லுப்பா. இல்லேன்னா வேலையும் போகும், போலீசும் வரும்."

சங்கிலி காய்த்துப்போன கையால் பிடரியைச் சொறிந்தான்.

"மேப்பு தட்டைங்க. பூமி உருண்டை. அதான் கம்பி பத்தல."

"என்னய்யா உளறுற?"

"சூப்பர்வைசரய்யா, கொஞ்சம் நேரா நில்லுங்க."

ஒரு குச்சியை அவர் இடுப்புக்கு நேராகக் குறுக்கே பிடித்தான். பிறகு சணல் கயிற்றை ஒரு பக்க இடுப்பிலிருந்து தொப்பைமேல் ஏற்றி மறுபக்கம் இறக்கினான்.

"குச்சி ரெண்டு சாண். கயிறு மூணரை. குச்சிதான் மேப்பு, கயிறுதான் வேலி. மிச்சமெல்லாம் இந்த வளைவுக்குள்ள போயிடுதுங்க."

ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஆனால் சூப்பர்வைசருக்குக் கோபம் வரவில்லை.

"ஆமாங்க சார், நானே சொல்லணும்னு இருந்தேன். நல்ல உருண்டைங்க."

வந்தவர் யோசித்தார். 'பூமியின் வளைவு காரணமாக' என்று எழுதி, இன்னும் மூன்று சுருள் அனுப்பச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கூடக் குழி தோண்டும் மச்சினன் சங்கிலியைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துப் போனான்.

"நெசமாவே அவ்வளவு வளையுமா மாமா?"

"இந்த வேலிக்கா? ஒரு தலைமுடி கனம் வரும். சர்வேயர் கணக்குப் போட்டே காட்டியிருக்காரு."

மச்சினன் முகம் வெளுத்தது. "அப்ப கம்பியைத் தூக்கினது நீதானா? அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஞாயித்துக்கிழமை அந்த வேலைக்குச் சோறு கட்டிக் குடுத்ததே அவதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சூப்பர்வைசர் சொன்னபடி, அவருடைய சொந்தத் தோட்டத்தைச் சுற்றிக் கூலியில்லாமல் மூன்று சுருளையும் இழுத்துக் கட்டியிருந்தான் சங்கிலி. அங்கே மட்டும் பூமி தட்டை போலிருக்கிறது, கம்பி ஒரு முழம்கூடக் குறையவில்லை.