வெர்னா கொண்டுவந்த பித்தளைக் கூடு

மொன்டானாவில் எங்கள் சின்ன ஊரில் எவன் புதிதாகக் குறி சுடக் கிளம்பினாலும், விதவை வெர்னா சுட்டு முடிந்த தோட்டாவின் பழைய பித்தளைக் கூடு ஒன்றோடு வந்து நிற்பாள். பாவம், பொழுது போகவில்லை என்று நாங்கள் சிரிப்போம். இந்த முறை கிர்பி வீட்டுக் கொட்டகை.

"என்ன தம்பி, நீயே தோட்டா செய்றியாமே? போன வாரம் குண்டெல்லாம் பலகையை விட்டுட்டு வேலியிலதான் பட்டுச்சாம்?"

"சிரிக்காதீங்க அத்தே. வெடிமருந்து அளவு இப்பத்தான் பிடிபடுது. ஞாயித்துக்கிழமை போட்டியில பாருங்க."

"இந்தக் கூடு உதவுமா பாரு."

கிர்பி உடனே வாத்தியாராகிவிட்டான். "ஒரு தடவை சுட்டா, கூடு அந்தத் துப்பாக்கியில தோட்டா உக்கார்ற உள்வாய்க்குத் தக்கபடி உப்பிடும் அத்தே. வேற துப்பாக்கியில இறுகும். அச்சுல அழுத்திச் சரிபண்ணித்தான் போடணும்."

"தெரியும்டா. சும்மா அப்படியே போட்டுப் பாரேன்."

தன் துப்பாக்கியில் போட்டான். வெற்றுக்கூடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. துப்பாக்கியின் பின்பூட்டு ஒற்றை விரலால் தள்ளியதுமே மூடிக்கொண்டது.

"அட! இதுலயே சுட்டது மாதிரி இருக்கே!"

வெர்னா சிரிக்கவில்லை. "துப்பாக்கி யாருது?"

"மாமனாரோடது. கல்யாணத்துக்குக் குடுத்தாரு."

வீட்டுக்குள் காபி குடித்துக்கொண்டிருந்த மாமனார் குரல் கொடுத்தார். "யாரு வந்திருக்கா, மாப்ளே?"

"வெர்னா வந்திருக்கேன், ஆர்வில். மான் வேட்டையில எவனோ தெரியாமச் சுட்டு என் வீட்டுக்காரர் லைல் செத்துப்போனாரே, அன்னிக்கு எதிர்மேட்டுல ஒரு கூடு பொறுக்கினேன். இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அது வீடு வந்து சேர்ந்திருக்கு."